சிவப்பு அங்கிக்காரன்: கணினி விளையாட்டில் வரும் வழிபாட்டுக் கூட்டத் தலைவன்

மலேசியாவின் பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம்மை எழுதி முடித்த கையோடு என் அக்காள் மகன் பினாங்கிற்கு வந்து, ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் ஒரு மாதம் தங்கினான். பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் விளையாட்டு. ஒருநாள் இரவு பத்து மணி இருக்கும். கண்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டுத் திரையையே வெறித்துக்கொண்டிருந்தான். திரையில் ஒரு குகை. சிவப்பு அங்கி அணிந்த ஒருவன் இவனுடைய வீரனை மறித்து, உன் உடைமைகள் அத்தனையையும் ஒப்படைத்துவிட்டு இந்த அங்கியைப் போட்டுக்கொள் என்கிறான். வாள், கவசம், மந்திர மோதிரம் எல்லாம் போய்விடும். வாரக்கணக்கில் கண்விழித்துச் சேர்த்தவை அவை.

“மாமா, கொடுக்கட்டுமா?”

“கொடு” என்றேன்.

கொடுத்துவிட்டான். முகம் மட்டும் வாடிப்போயிற்று. “நல்லது செய்யப் போகிறோம் என்கிறார்கள். அப்புறம் ஏன் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறார்கள்?” என்று கேட்டான். பக்கத்தில் நெத்திலியைத் தலை கிள்ளிக்கொண்டிருந்த என் அம்மாவும் நிமிர்ந்து பார்த்தார். அவனுக்கு அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாகச் சொல்லப் பார்க்கிறேன். இத்தகைய விளையாட்டை ஒருமுறைகூடத் தொடாதவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் விளையாட்டு. ஆர்பிஜி என்று சொல்வது ரோல் பிளேயிங் கேம் என்பதன் சுருக்கம், பாத்திரமேற்று ஆடுவது. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டை வெளியிட்டார்கள். தாளும் பென்சிலும் பகடையும் போதும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்பார்கள். கூத்தில் வேடம் கட்டுகிறவருக்குப் பாட்டும் வசனமும் முன்பே இருக்கும். இங்கே வேடம் மட்டும்தான் தருவார்கள். என்ன பேசுவது, யாரை நம்புவது, யாரை விட்டுவைப்பது என்பதெல்லாம் ஆடுகிறவர் பொறுப்பு. இது பின்னர் கணினிக்கு வந்தது. கதையை நடத்தியவரின் இடத்தைக் கணினி எடுத்துக்கொண்டது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்மிடமே இருந்துவிட்டது. நான் சொல்லப்போகிற வில்லனுக்கு இந்தப் பொறுப்பு மிகவும் முக்கியம்.

அடுத்தது, ஆங்கிலத்தில் கல்ட் என்கிறார்களே, அது. வழிபாட்டுக் கூட்டம் என்று தமிழில் சொல்லலாம். ஆனால் வழிபடுகிற கூட்டமெல்லாம் கல்ட் ஆகிவிடாது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் எத்தனை ஆயிரம் பேர் படியேறுகிறார்கள்! பால்குடம் எடுக்கிறவரை யாரும் அடையாளச் சொல் கேட்டு உள்ளே விடுவதில்லை. காவடியை இறக்கி வைத்தவர் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போகிறார். வாசல் திறந்தே இருக்கிறது, வருவதற்கும் போவதற்கும். கல்ட் என்பது வாசல் அடைத்த கூட்டம். உண்மை ஒன்றுதான், அது ஒருவருக்குத்தான் தெரியும், அதை அவர் வாயால்தான் கேட்க வேண்டும் என்பார்கள். உள்ளே போவது எளிது. வெளியே வருவதற்கு விலை உண்டு. கடவுளே இல்லாமலும் இப்படி ஒரு கூட்டம் நடக்கும். நம் நாட்டில் ‘ஸ்கிம் செப்பாட் காயா’ என்று பெயர் வாங்கிய விரைவுப் பணக்காரத் திட்டங்கள் பலவற்றின் கூட்டங்களில் போய் உட்கார்ந்தவர்களுக்கு அந்த மூச்சுமுட்டும் உற்சாகம் எப்படியிருக்கும் என்று தெரியும்.

கற்பனை உலக விளையாட்டுகளில் வில்லன்களுக்குப் பஞ்சமில்லை. டிராகன் வரும், கொடுங்கோல் மன்னன் வருவான், செத்தும் சாகாத மந்திரவாதி வருவான். டிராகனுக்கு நெருப்பு இருக்கிறது. மன்னனுக்குச் சம்பளம் வாங்கும் படை இருக்கிறது. கூட்டத் தலைவனுக்கோ தானாக வந்து சேர்ந்த மனிதர்கள் இருக்கிறார்கள். காசு வாங்காமல் அவனுக்காக உயிரைக் கொடுப்பார்கள். அவனுடைய பலம் அவன் கையில் இல்லாததால், அவன் வாளை மட்டும் பார்க்கிற ஆட்டக்காரர் அவனைப் பாதிதான் பார்க்கிறார். பின்னால் நிற்பவர்கள் எதைக் கொடுத்துவிட்டு அங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

விளையாட்டை உருவாக்குபவர்களுக்கு இவனைப் பிடிப்பதற்குத் தொழில்முறைக் காரணங்களும் உண்டு. ஓர் ஆட்டத்துக்கு நூற்றுக்கணக்கில் சிறு எதிரிகள் வேண்டும், சீடர்கள் கிடைக்கிறார்கள். இருண்ட பாதாளம் வேண்டும். இரகசியக் கோயில் கிடைக்கிறது. துப்புத் துலக்க ஏதாவது வேண்டும். மறைநூலும் அடையாளச் சொல்லும் கிடைக்கின்றன. சடங்கு முடிவதற்குள் தடுத்தாக வேண்டும் என்ற பரபரப்பும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

இனி என் அக்காள் மகனை மறித்த அந்தக் குகைக்கு வருவோம். அது ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வரிசையின் நான்காவது ஆட்டமான ‘ஆப்லிவியன்’. பெதெஸ்டா நிறுவனம் 2006 மார்ச்சில் வெளியிட்டது. 2025 ஏப்ரலில் புதுமெருகோடு மறுபடி வந்தது. முதல் பதிப்பை நான் கொம்தார் பக்கத்தில் ஒரு கடையில் வட்டாக வாங்கினேன். அப்போதிருந்த என் கணினியில் மூச்சு வாங்கியபடிதான் அது ஓடியது. புல்வெளி வரும்போதெல்லாம் திரை திக்கித் திக்கி நகரும். அப்படியும் விடவில்லை.

கதை சிறைக்கொட்டடியில் தொடங்குகிறது. கொலைகாரர்களிடமிருந்து தப்பி வரும் பேரரசர் யூரியல் செப்டிம் நம் கொட்டடி வழியாகத்தான் சுரங்கப் பாதைக்குப் போக வேண்டும். சற்று நேரத்தில் நம் கண்முன்னே அவரைக் கொன்றுவிடுகிறார்கள். கொன்றவர்கள் அணிந்திருப்பது சிவப்பு அங்கி. அவர்கள் உடம்பில் தெரிந்த பயங்கரக் கவசம் மந்திரத்தால் வரவழைத்தது. அவர்கள் விழுந்ததும் அது மறைந்துபோகிறது. உள்ளே சாதாரண மனிதர்கள் கிடக்கிறார்கள். முதல் ஒரு மணி நேரத்திலேயே விளையாட்டு இதைக் காட்டிவிடுகிறது. அந்த வயதில் எனக்கு அது உறைக்கவில்லை.

அரச மரபு அறுந்தால், இந்த உலகத்துக்கும் ஆப்லிவியன் என்ற அசுர உலகத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பு தளர்ந்துவிடும். நெருப்பு வாயில்கள் திறக்கின்றன. க்வாட்ச் என்ற நகரம் சாம்பலாகிறது. இவ்வளவுக்கும் பின்னால் இருப்பவன் மான்கார் கமோரன் என்ற உயர்குல எல்ஃப், அதாவது மனிதரைப் போன்ற ஒரு கற்பனை இனத்தவன். அவன் நடத்தும் கூட்டத்தின் பெயர் ‘மித்திக் டான்’. தொன்ம விடியல் என்று சொல்லலாம். அவர்கள் வழிபடுவது மெரூன்ஸ் டேகன் என்ற, அழிவுக்கு அதிபதியான அசுர இளவரசனை. கமோரனுக்குக் குரல் கொடுத்தவர் பிரிட்டிஷ் நடிகர் டெரன்ஸ் ஸ்டாம்ப். அந்தக் குரலில் கத்தலே இல்லை. பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லும் தாத்தாவின் நிதானம்.

அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். உலகத்தை அழிக்கப் போகிறேன் என்று அவன் எங்கேயும் சொல்வதில்லை. இந்த உலகம் ஆதியில் டேகனுக்கு உரியது, துரோகிகள் பறித்துக்கொண்டார்கள், உரிமையாளர் திரும்பி வருகிறார் என்கிறான். ஆக, ஊரைக் கொளுத்துவது படையெடுப்பு ஆகாது. இழந்ததை மீட்பது ஆகிவிடுகிறது. அநியாயம் செய்கிறவனுக்கே அநியாயம் நடந்துவிட்டதாக ஒரு கதை. அதை நம்பிவிட்டால் மனச்சாட்சி உறுத்தாமல் எதையும் செய்யலாம்.

அந்தக் கதையை நம்ப வைக்க அவன் நான்கு நூல்கள் எழுதியிருக்கிறான். டேகனே எழுதியதாகச் சொல்லப்படும் ஒரு மறைநூலுக்கு அவை விளக்கவுரை. எனக்கு இந்த ஆட்டத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான், சற்று நின்று சொல்கிறேன். முதல் இரண்டு நூல்களும் அதிகச் சிரமமில்லாமல் கிடைத்துவிடும். மூன்றாவது தலைநகரின் புத்தகக் கடையில் ஒருவருக்காக எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது; அவரிடம் பேசியோ வேறு வழியிலோதான் வாங்க வேண்டும். நான்காவதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர், ஊருக்கு அடியில் ஓடும் சாக்கடைச் சுரங்கத்தில் நேரில் வந்து கையில் கொடுப்பார். படிப்படியாக வாசல் குறுகுவதைப் பாருங்கள். ஆர்வத்தில் தொடங்கி, அலைச்சலுக்குப் போய், யாருக்கும் தெரியாத இடத்தில் தனியாக நிற்கும் நிலைக்கு வந்துவிடுகிறோம். இவ்வளவு தூரம் வந்தவனுக்குத் திரும்பிப் போக மனம் வராது. கூட்டங்கள் ஆள் சேர்க்கும் முறையை ஒரு பாடநூல்கூட இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

நான்கும் கையில் வந்ததும், ஒவ்வொரு பத்தியின் முதல் எழுத்தையும் வரிசையாகக் கோத்துப் படிக்க வேண்டும். பசுமைப் பேரரசர் வீதியில், கோபுரம் நண்பகல் சூரியனைத் தொடும் இடம் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் வருகிறது. நடுப்பகலில் அங்கே போய் நின்றால் ஒரு கல்லறையின் மேல் சிவப்பாக ஒரு வரைபடம் ஒளிரும். அதுதான் குகைக்கு வழி. நம் தமிழில் சித்திரகவி வகைகளில் கரந்துறைச் செய்யுள் என்று ஒன்று உண்டு. ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்து வைப்பது. இலக்கணம் படித்தபோது புலவர்களின் வித்தை என்றுதான் அதை எண்ணியிருந்தேன். அதையே ஒருவன் ஆள் பிடிக்கும் வலையாக ஆக்கினால் எப்படியிருக்கும் என்பதைக் கமோரனிடம்தான் பார்த்தேன். கண்டுபிடித்தவனுக்குத் தன் அறிவின்மேல் பெருமை வருகிறது. “எனக்குப் புரிந்துவிட்டது, மற்றவர்களுக்குப் புரியவில்லை.” அந்தப் பெருமையோடுதான் அவன் குகை வாசலில் வந்து நிற்கிறான்.

வாசலில் அடையாளச் சொல். விடியல் வருகிறது என்று காவலன் சொல்ல, புதிய நாளை வரவேற்போம் என்று நாம் பதில் சொல்ல வேண்டும். அப்புறம் உடைமைகளைக் கேட்கிறார்கள். மறுத்தால் சண்டைதான். கொடுத்தால், கையில் ஒன்றுமில்லாமல் எல்லோரையும் போல அதே அங்கியோடு கூட்டத்தில் ஒருவராக நிற்போம். மேடையில் கமோரன் பேசுகிறான், சுற்றியிருப்பவர்கள் மெய்ம்மறந்து கேட்கிறார்கள். பேசி முடித்துவிட்டு அவன் ஒளி வாயில் வழியாகத் தன் சொர்க்கத்துக்குப் போய்விடுகிறான். அடுத்து நம்மைப் பலிபீடத்துக்கு அழைக்கிறார்கள். ஒருவன் கட்டுண்டு கிடக்கிறான். அவனைக் குத்திக் கொன்றால் நாமும் அவர்களில் ஒருவர். கொல்லாமல் அவிழ்த்துவிடவும் முடியும். அப்படிச் செய்தால் குகை முழுவதும் நம்மேல் பாயும், நம் வாளோ இன்னொருவனிடம் இருக்கும்.

உடைமைகளை ஏன் வாங்குகிறார்கள் என்று என் அக்காள் மகன் கேட்டானே, பதில் இங்கே இருக்கிறது. அவர்களுக்கு அந்த வாள் தேவையில்லை. கொலை செய்யச் சொல்லும்போது மறுக்கக்கூடிய கை வெறுங்கையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் சிறியதைக் கேட்பார்கள். அதைக் கொடுத்துப் பழகிய கை, பெரியதைக் கேட்கும்போது நடுங்காது.

இதை நான் திரையில் மட்டும் பார்த்தவனாக இருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன். அப்பா இறந்த வருடம் எனக்குப் பதினோரு வயது. ஒரு கடைவீட்டின் மாடியில் மாலை நேரத்தில் கூடும் ஒரு கூட்டத்துக்கு அம்மா போகத் தொடங்கினார். நானும் கூடப் போயிருக்கிறேன். சுத்தமான அறை, ஊதுவத்தி வாசனை, எல்லோரும் வெள்ளை உடை. நடுவில் உட்கார்ந்திருந்தவர் அம்மாவைப் பார்த்து முதலில் கேட்டது, “சாப்பிட்டாயா அம்மா?” என்றுதான். அப்பா போன பிறகு அம்மாவிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். எட்டாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, கையிலிருந்த இரண்டு வளையல்களும் போயின. பற்றை விட வேண்டுமாம். சோப்பு நுரையைத் தடவிக் கழற்றி, அப்பாவின் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தார். மணிக்கட்டில் அந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. பிறகு ஒருநாள் மாடிக்கதவில் பூட்டுத் தொங்கியது.

அம்மா ஏமாளி என்று உறவினர்கள் பேசினார்கள். எனக்கு இன்றும் அந்தப் பேச்சின்மேல் கோபம் உண்டு. பசித்தவர் சோறு கிடைத்த இடத்துக்குப் போனார். விளையாட்டுகளும் இந்த இடத்தில்தான் நல்லவை, மட்டமானவை என்று பிரிகின்றன. மட்டமான விளையாட்டில் சீடர்கள் வெறும் பைத்தியங்கள்; வெட்டித் தள்ளிவிட்டு நடக்கலாம். நல்ல விளையாட்டில் அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். ‘ஆப்லிவியன்’ கதையில் ப்ரூமா என்ற நகரத்தில் கமோரனுக்காக வேலை பார்க்கும் உளவாளிகளில் ஒருத்தி அந்த ஊரிலேயே வீடு உள்ள பெண். அவள் வீட்டின் நிலவறையில் கிடைக்கும் கடிதம்தான் காட்டிக்கொடுக்கிறது. புதிதாக ஆடுகிறவர்களுக்கு நான் சொல்வது, எதிரி வீட்டில் கிடக்கும் கடிதங்களையும் நூல்களையும் நின்று வாசியுங்கள். கத்தி எங்கேயும் போய்விடாது.

கமோரன் போன அந்தச் சொர்க்கத்துக்குக் கடைசியில் நாமும் போகிறோம். பச்சைப் பசேலென்ற தீவு, பூக்கள், நீலக் கடல். டேகனுக்காக உயிர்விட்டவர்கள் அங்கே சாவில்லாமல் வாழ்கிறார்கள். வாக்குக் கொடுத்தபடியே! ஆனால் அசுரர்கள் அவர்களை விரட்டி விரட்டிக் கொல்கிறார்கள். எழுந்ததும் மறுபடி கொல்கிறார்கள். சற்று உள்ளே போனால் ஒரு குகை. கூண்டில் அடைத்து நெருப்புக் குழம்பில் இறக்குகிறார்கள். சாகாவரம் பொய்யில்லை, அதுதான் கொடுமை. அந்தக் குகைக்குள் போக நாம் இரண்டு கைக்காப்புகளை அணிய வேண்டும். அணிந்தால் நாமாகக் கழற்ற முடியாது. மனம் மாறிய பழைய சீடன் ஒருவன்தான் கழற்றிவிடுகிறான். உள்ளே இருந்தவனுக்குத்தான் பூட்டு எங்கே இருக்கிறது என்று தெரிகிறது.

கமோரன் பொய் சொல்கிறானா, நம்பித்தான் சொல்கிறானா? மெய்ப்பொருள் நாயனார் கதையில் முத்தநாதன் உடம்பெல்லாம் நீறு பூசி, ஏட்டுக்கட்டுக்குள் கத்தியை ஒளித்துக்கொண்டு அரசரிடம் வருகிறான். அவனுக்குத் தான் வேடதாரி என்று நன்றாகத் தெரியும். கமோரன் அப்படியில்லை என்பது என் எண்ணம். அவன் தன் மகனையும் மகளையும் அதே கூட்டத்தில் வைத்திருக்கிறான். நான்காம் நூலைச் சுரங்கத்தில் கொண்டுவந்து கொடுப்பவன் அவன் மகன்தான். சுருட்டுவதற்காக வந்தவன் பிள்ளைகளை நெருப்பில் நிறுத்த மாட்டான். வேடதாரியைப் பிடித்துவிட்டால் ஒப்புக்கொள்வான். நம்புகிறவனோ கடைசிவரை தான்தான் நல்லவன் என்பான். விளையாட்டில் அச்சம் தரும் தலைவர்கள் இந்த இரண்டாவது வகை.

வேறு விதமான தலைவர்களும் உண்டு. 2002இல் வந்த ‘மாரோவிண்ட்’ ஆட்டத்தில் டாகோத் உர் என்ற தலைவன் மக்களின் கனவுக்குள் நுழைந்து கூப்பிடுகிறான். 2023 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ ஆட்டத்தில் கெதரிக் தோர்ம் வருகிறார். இவருடைய கதை துக்கத்தில் தொடங்குகிறது. நிலவுத் தெய்வத்தை வணங்கியவர். மனைவி இறந்தாள், மகளும் இறந்தாள். ஆறுதல் தேடி இருளின் தெய்வத்திடம் போனார். பிறகு சாவின் தெய்வம் மகளை உயிரோடு திருப்பிக் கொடுத்தது. அதற்கு விலையாக அப்சலூட் என்ற புதுக் கடவுளின் பெயரில் படை திரட்டுகிறார். அப்படி ஒரு கடவுளே கிடையாது. மூன்று பேர் சேர்ந்து அடக்கி வைத்திருக்கும் ஒரு ராட்சச மூளையின் குரல் அது. மகளை இழந்த தகப்பனாக அவரைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனாலும் தொடங்குகிறவர்களுக்கு நான் கமோரனைத்தான் காட்டுவேன். அப்சலூட்டின் ஆட்கள் பலருடைய மண்டைக்குள் ஒரு புழு இருக்கிறது. அதுதான் இழுக்கிறது என்று சொல்லிவிடலாம். கமோரனுடைய ஆட்களுக்கு அப்படி எந்தச் சாக்கும் இல்லை. ஒரு புத்தகம் இருந்தது, வாசித்தார்கள், வந்தார்கள்.

அக்காள் மகன் ஆட்டத்தை முடித்துவிட்டு, ஊருக்குக் கிளம்புவதற்கு முன் புது வீரனை வைத்து முதலிலிருந்து மறுபடி தொடங்கினான். இந்த முறை தலைநகரின் துறைமுகப் பக்கத்தில் 2000 பொன்னுக்கு விற்கும் குடிசையை முதல் வேலையாக வாங்கினான். குகைக்குப் போக வேண்டிய நாள் வந்ததும், அந்தக் குடிசைப் பெட்டியைத் திறந்து வாளையும் கவசத்தையும் மோதிரத்தையும் ஒவ்வொன்றாக உள்ளே வைத்தான். பழைய துருப்பிடித்த கத்தி ஒன்றை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டான். சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, என்ன செய்கிறாய் என்று கேட்டார்.

“அவன் கேட்கப் போகிறான் என்று தெரியும் பாட்டி. அதனால்தான் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.”

அம்மா சற்று நேரம் திரையைப் பார்த்தார். வலது கை தானாக இடது மணிக்கட்டைப் போய்ப் பிடித்துக்கொண்டது.

“நான் அன்றைக்குப் போட்டுக்கொண்டே போய்விட்டேன் ஐயா” என்றார்.